கோயம்புத்தூரில் சட்டவிரோதக் கழிவு கொட்டல்

கோயம்புத்தூரில் சட்டவிரோதக் கழிவு கொட்டல் என்பது கோயம்புத்தூர் மாநகரிலும் அதைச் சூழ்ந்துள்ள ஊர்களிலும் வீட்டுக் குப்பை, கட்டிட இடிபாடு, இறைச்சிக் கழிவு, மருத்துவக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு முதலியவற்றை அனுமதி இல்லாத இடங்களில் போட்டுவிட்டுச் செல்வதைக் குறிக்கும். சாலையோரங்கள், காலி மனைகள், குளக்கரைகள், நொய்யல் ஆற்றின் கரைகள், மழைநீர் ஓடைகள் ஆகியவை இவ்வாறு கழிவு கொட்டப்படும் முதன்மையான இடங்களாகும். இச்செயல் இந்திய நடுவண் அரசின் சுற்றுச்சூழல் சட்டங்களின் கீழும், தமிழ்நாட்டின் உள்ளாட்சிச் சட்டங்களின் கீழும் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பெரும்பாலான நிகழ்வுகளில் கழிவு அகற்றப்படுவதுடன் நடவடிக்கை முடிந்துவிடுகிறது. அதைக் கொட்டியவர் யார் என்பது கண்டறியப்படாமலேயே போவதால் அதே இடத்தில் மீண்டும் கழிவு சேர்கிறது.

பின்னணி

கோயம்புத்தூர் நகராட்சி 1866ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் பிளேக் நோய் பல முறை பரவியது. நகரில் இன்றும் காணப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் எச்சங்களாகும். நெரிசல் மிகுந்த பழைய நகருக்கு மேற்கே அகலமான, நேரான தெருக்களுடன் அமைக்கப்பட்ட புதிய குடியிருப்புக்கு நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் இடப்பட்டது. அதுவே இரத்தினசபாபதிபுரம், சுருக்கமாக ஆர்.எஸ்.புரம் ஆகும். அவருடைய பட்டத்தின் பெயரால் அமைந்த திவான் பகதூர் சாலை (டி.பி. சாலை) இப்பகுதியின் முதன்மை வீதியாகும். காற்றோட்டமும் தூய்மையும் கருதி உருவான ஒரு குடியிருப்பு பின்னாளில் குப்பைச் சிக்கலுக்கு ஆளானது முரணானது எனலாம்.

காலப்போக்கில் ஆர்.எஸ்.புரத்தின் வீடுகள் பல துணிக்கடைகளாகவும், நகைக்கடைகளாகவும், உணவகங்களாகவும், மருத்துவமனைகளாகவும் மாறின. உழவர் சந்தையும், மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய பூ மார்க்கெட்டும் நாள்தோறும் பெருமளவு மக்கும் கழிவை உண்டாக்குகின்றன. குடியிருப்புக்கென வகுக்கப்பட்ட தெருக்களில் வணிகக் கழிவு சேரத் தொடங்கியதே இப்பகுதியின் சிக்கலுக்கு முதல் காரணமாகும். மேற்கே முத்தண்ணன்குளமும் வடக்கே சங்கனூர்ப் பள்ளமும் இருப்பதால் இங்கு பெருக்கித் தள்ளப்படும் கழிவு எளிதில் நீர்நிலைகளைச் சென்றடைகிறது.

கோயம்புத்தூர் 1981ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011ஆம் ஆண்டில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும், சில பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் இணைக்கப்பட்டு 100 வார்டுகள் கொண்டதாக அது விரிவடைந்தது. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விரிவடைந்த எல்லைக்குள் சுமார் 16 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மத்தியம் என ஐந்து மண்டலங்களாக மாநகராட்சி பிரிக்கப்பட்டுள்ளது. ஆர்.எஸ்.புரம் மேற்கு மண்டலத்தில் அடங்கும்.

நகரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் குப்பை சேர்கிறது. இதன் பெரும்பகுதி நகரின் தெற்கே வெள்ளலூரில் சுமார் 650 ஏக்கர் பரப்பில் அமைந்த கிடங்குக்குக் கொண்டு செல்லப்பட்டு வந்துள்ளது. 2011 விரிவாக்கத்தில் வெள்ளலூர் மாநகராட்சியுடன் சேர்க்கப்படவில்லை. அதாவது மாநகரின் குப்பை வேறொரு உள்ளாட்சியின் மக்களுக்கு அருகே குவிக்கப்பட்டது. தெருவில் கொட்டுவதைச் சட்டவிரோதம் என்று கூறும்போது முறைப்படி கொண்டு செல்லப்பட்ட குப்பையின் நிலை என்ன என்ற வினாவும் உடன் எழுகிறது. இது இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் விளக்கப்படுகிறது.

கழிவுகளும் இடங்களும்

வீட்டுக் குப்பை: வீடு வீடாகக் குப்பை பெறும் முறை வந்தபின் தெருமுனைத் தொட்டிகள் பல அகற்றப்பட்டன. தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதோர், வேலைக்குச் செல்லும் வழியில் பழைய தொட்டி இருந்த இடத்திலேயே பையை வீசிச் செல்வது வழக்கமாயிற்று. தொட்டி போனாலும் இடத்தின் நினைவு போவதில்லை. ஒருவர் வைத்த பையைக் கண்டு மற்றவரும் வைப்பதால் சில நாட்களில் அவ்விடம் குப்பைமேடாகிறது.

கட்டிட இடிபாடு: பழைய வீடுகளை இடித்து அடுக்ககங்கள் கட்டும்போது கிடைக்கும் செங்கல், காரை, ஓட்டுத்துண்டுகள் ஆகியவை டிப்பர் லாரிகளில் ஏற்றப்பட்டு இரவில் குளக்கரைகளிலும் ஓடைகளிலும் தள்ளப்படுகின்றன. இது மற்ற கழிவுகளைப் போல நாற்றம் எழுப்பாததால் நெடுநாள் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீர்நிலைக்கு நிலையான கேடு செய்வது இதுவே. குப்பை அழுகிக் குறையும், இடிபாடு குறையாது. குளத்தின் கரையோரம் மேடாகிப் பின்னர் ஆக்கிரமிப்புக்கும் வழி செய்கிறது.

கொங்கு வட்டாரத்தில் சிற்றோடையைப் பள்ளம் என்று அழைப்பர். பிற மாவட்டங்களில் இச்சொல் குழியையே குறிக்கும். தடாகம் பகுதி மலைகளிலிருந்து வரும் நீரைச் சுமந்து நகரின் வடபகுதி வழியாகச் சிங்காநல்லூர் நோக்கிச் செல்லும் சங்கனூர்ப் பள்ளம், மழை இல்லாத மாதங்களில் வறண்டு கிடப்பதால் உண்மையிலேயே நிரப்ப வேண்டிய குழியைப் போல நடத்தப்பட்டது.

வார்ப்பாலை மணல்: கோயம்புத்தூர் மோட்டார் பம்பு உற்பத்திக்கும் வார்ப்புத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. வார்ப்பாலைகளில் (பவுண்டரிகளில்) அச்சுகளுக்குப் பயன்பட்டுக் கழிந்த கருநிற மணல் காலி நிலங்களிலும் சாலையோரங்களிலும் கொட்டப்படுவதுண்டு. வேதிப்பிசின் கலந்த மணலாயின் நிலத்தடி நீர் மாசடையக்கூடும். இதே மணலைத் தூய்மைப்படுத்தி மீண்டும் வார்ப்புக்கோ, கட்டுமானப் பொருட்களுக்கோ பயன்படுத்த முடியும்.

மருத்துவக் கழிவு: கோயம்புத்தூர் மேற்குத் தமிழ்நாட்டின் மருத்துவ மையமாகும். பெரிய மருத்துவமனைகளின் கழிவு பெரும்பாலும் பதிவுடன் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. சிறு மருத்துவகங்கள், இரத்தப் பரிசோதனைக் கூடங்கள், வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் ஆகியோரின் கழிவு பொதுக் குப்பையில் கலந்துவிடும் வாய்ப்பு மிகுதி. கையுறை இன்றிக் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும் ஊசி இதன் நேரடி விளைவாகும்.

இவை தவிரக் கோழி இறைச்சிக் கடைகளின் கழிவும், வீட்டுக் கழிவுத்தொட்டிகளிலிருந்து உறிஞ்சப்படும் கசடும் புறநகர்ச் சாலைகளிலும் வாய்க்கால்களிலும் விடப்படுகின்றன. கோழிக் கழிவு கொட்டப்படும் இடங்களில் தெருநாய்கள் கூட்டமாகச் சேர்வதும், அவ்வழியே இருசக்கர வாகனத்தில் செல்வோர் துரத்தப்படுவதும் பல ஊர்களில் எழும் முறையீடாகும்.

காரணங்கள்

கழிவு கொட்டுவோர் அனைவரும் ஒரே தன்மையினர் அல்லர். வீட்டுப் பையை வீசுபவரை நேரமின்மையும் பழக்கமும் இயக்குகின்றன. லாரியில் கொண்டுவந்து கொட்டுபவரை இயக்குவது வருமானம். இடிபாட்டையோ மருத்துவக் கழிவையோ முறைப்படி ஒப்படைக்க எடைக்கோ படுக்கை எண்ணிக்கைக்கோ ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். தொலைவில் உள்ள மையத்திற்கு டீசல் செலவும் உண்டு. இடைத்தரகர் இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டால் பெற்ற தொகை முழுவதும் அவருக்கே மிஞ்சுகிறது. கழிவை உருவாக்கியவர், தாம் பணம் கொடுத்துவிட்டதால் பொறுப்பு முடிந்தது என்று கருதுகிறார். ஓட்டுநர் மட்டும் பிடிபட்டுச் சிறு அபராதத்துடன் விடப்படும்போது இவ்வமைப்பு குலைவதில்லை.

நிலம் யாருக்கு உரியது என்ற குழப்பமும் ஒரு காரணமாகும். ஒரே குப்பைமேட்டின் ஒரு பக்கம் மாநகராட்சிச் சாலையாகவும், மறுபக்கம் நீர்வளத் துறையின் வாய்க்காலாகவும், பின்புறம் இரயில்வே நிலமாகவும் இருக்கக்கூடும். ஒவ்வொரு துறையும் மற்றதைச் சுட்டிக்காட்டும் இடைவெளியில் கழிவு வளர்கிறது.

மாநில எல்லையைக் கடந்து வரும் கழிவு

கோயம்புத்தூர் மாவட்டம் வாளையாறு வழியாகவும், பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் வழியாகவும் கேரளத்துடன் எல்லையைப் பகிர்கிறது. கேரளத்திலிருந்து மருத்துவக் கழிவும் இறைச்சிக் கழிவும் ஏற்றி வரும் லாரிகள் இப்பகுதிகளில் பல முறை பிடிபட்டுள்ளன. நில நெருக்கடி மிகுந்த கேரளத்தில் கழிவுக்கு இடம் கிடைப்பது அரிது. காய்கறியும் பிற சரக்கும் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளுக்கு அது கூடுதல் வருமானமாகிறது.

இச்சிக்கலில் திருப்புமுனையாக அமைந்தது திருநெல்வேலி மாவட்டத்தில் நிகழ்ந்ததாகும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களில் மருத்துவக் கழிவு குவியல்களாகக் காணப்பட்டது. அவற்றுள் கிடந்த தாள்களில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர்களும் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. கழிவு எங்கிருந்து வந்தது என்பது இத்தாள்களால் வெளிப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைக் கேரள அரசே அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் நேரில் வந்து, கழிவை லாரிகளில் ஏற்றித் தம் மாநிலத்துக்கு எடுத்துச் சென்றனர். உள்ளூர் மக்கள் முதல் நாளிலேயே குவியலை எரித்திருந்தாலோ மண்ணிட்டு மூடியிருந்தாலோ இவ்வழக்கில் சான்றே இருந்திராது.

இதனைத் தொடர்ந்து, வழக்கமாகக் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு 14/1982ஆம் சட்டத்தின் வரம்புக்குள் மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவோரையும் கொண்டுவரும் திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு, பின்னர் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இச்சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையின்றி 12 மாதங்கள் வரை தடுப்புக் காவலில் வைக்க இயலும். தடுப்புக் காவல் என்னும் முறை குடியுரிமை ஆர்வலர்களால் நெடுங்காலமாகக் குறைகூறப்பட்டு வருவதாகும். லாரி ஓட்டுநர் சிறைப்பட்டு, கழிவை அனுப்பிய நிறுவனம் தப்பிக்கும் நிலை நேருமாயின் இத்திருத்தத்தின் நோக்கம் நிறைவேறாது.

சட்டங்கள்

இந்திய அரசமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையில் தூய சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 1980ஆம் ஆண்டு இரத்லாம் நகராட்சி வழக்கில், நிதி இல்லை என்று கூறி ஒரு நகராட்சி துப்புரவுக் கடமையிலிருந்து விலக முடியாது என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். 1996ஆம் ஆண்டு வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசு செய்பவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எழுந்த இவ்வழக்கின் தீர்ப்பு இன்றுவரை கழிவு வழக்குகள் பலவற்றுக்கும் அடிப்படையாக உள்ளது.

1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016இல் திடக்கழிவு, நெகிழிக் கழிவு, மருத்துவக் கழிவு, கட்டிட இடிபாடு, அபாயகரக் கழிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள் வெளியிடப்பட்டன. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 தெருவிலும், பொதுவெளியிலும், வடிகாலிலும், நீர்நிலையிலும் குப்பையை வீசுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடை செய்தன. இவற்றுக்கு மாற்றாக வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. மக்கும் கழிவு, உலர் கழிவு, அணையாடை முதலிய சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிப்பதை இவை வலியுறுத்துகின்றன. கட்டிட இடிபாட்டுக்கென 2025இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன.

மருத்துவக் கழிவு விதிகளின்படி கழிவு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரிக்கப்பட்ட பைகளிலும் கொள்கலன்களிலும் இடப்பட வேண்டும். பைகளில் பட்டைக்குறி (பார்கோடு) இருத்தல் வேண்டும். சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பட்டைக்குறி என்பது வெறும் அலுவலக நடைமுறையன்று. தெருவில் கிடக்கும் ஒரு பை எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்று காட்டக்கூடிய அடையாளம் அது.

குப்பையை வெளியில் எரிப்பதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுத்தொல்லை, நீர்நிலையை மாசுபடுத்தல், நோய் பரவக் காரணமாகும் கவனக்குறைவு ஆகியவை பற்றிய பிரிவுகளும் இதற்குப் பொருந்தும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லையை அகற்றுமாறு ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் உண்டு. பலரும் அறியாத இப்பிரிவு தனியார் காலிமனையில் சேரும் குப்பைக்குப் பெரிதும் பயன்படக்கூடியது. மனையின் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பினும் ஆணை பிறப்பிக்கலாம்.

உள்ளாட்சி அளவில், கோயம்புத்தூர் மாநகராட்சிக்கெனத் தனியாக இருந்த 1981ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 அதன் விதிகளுடன் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குப்பை வீசுவோர்க்கு அபராதம் விதிப்பது இதன் கீழும் மாநகராட்சித் துணைவிதிகளின் கீழும் அமைகிறது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் உள்ளாட்சியின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும்.

முறையிடல்

சான்று

ஒரு முறையீட்டின் பயன் பெரும்பாலும் அதனுடன் இணைக்கப்படும் சான்றைப் பொறுத்தது. குப்பையை மட்டும் அருகில் நின்று எடுத்த படம் எந்த ஊருக்கும் பொருந்தும். கடைப் பெயர்ப்பலகை, மின்கம்ப எண், குளக்கரைக் கல் போன்ற நிலையான அடையாளம் ஒன்று படத்தில் தெரிவது இன்றியமையாதது. நாள், நேரம், தெருப் பெயர், வார்டு எண் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். லாரியாயின் பதிவெண், எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது ஆகிய விவரங்கள் காவல் துறைக்கு உதவும்.

குவியலில் மேலாகத் தெரியும் ரசீதுகள், கூரியர் உறைகள், மருந்துப் பெட்டிகளின் முகவரிச் சீட்டுகள், மருத்துவமனைப் பெயர் அச்சிட்ட பைகள் ஆகியவற்றைத் தொடாமல் படம் எடுக்கலாம். மருத்துவக் கழிவைக் கையாலோ குச்சியாலோ கிளறுதல் கூடாது. ஊசி, ஊனீர் தோய்ந்த பஞ்சு ஆகியவற்றால் கல்லீரல் அழற்சி முதலிய நோய்கள் தொற்றக்கூடும். நாற்றம் தாளாமல் எரித்துவிடுவது சான்றை அழிப்பதோடு, எரித்தவரையே சட்டத்துக்குமுன் குற்றவாளியாக்கும். கொட்டிக்கொண்டிருப்பவரைத் தனியே எதிர்கொள்வதும், லாரியை மறிப்பதும் ஆபத்தானவை. அவ்வேளையில் காவல் துறையின் அவசர எண் 112ஐ அழைப்பதே பொருத்தமானது.

எங்கு முறையிடுவது

மாநகராட்சித் தெருக்களிலும் வடிகால்களிலும் உள்ள குப்பைக்கு முதலில் அணுக வேண்டியவர் வார்டின் சுகாதார ஆய்வாளர் ஆவார். அவருக்குமேல் மண்டல சுகாதார அலுவலரும், மாநகர் நல அலுவலரும், ஆணையாளரும் உள்ளனர். நகரக் குளங்களின் பராமரிப்பு பெரும்பாலும் மாநகராட்சியிடம் உள்ளது. நொய்யல் ஆறும் அதன் வாய்க்கால்களும் நீர்வளத் துறைக்கும், மேட்டுப்பாளையம் சாலை போன்ற பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியவை. மருத்துவக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிட வேண்டும். நிலம் யாருடையது என்று தெரியாதபோது மனுவை மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் படி அனுப்புவது வழக்கம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடைபெறுகிறது. முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்னும் எண்ணிலும் பதிவு செய்யலாம்.

வாய்மொழியாகக் கூறப்படும் குறை ஒரு முறை குப்பையை அகற்றப் போதுமானது, பதிவாக நிற்காது. எழுத்து மூலமான மனுவுக்கு ஒப்புகையோ பதிவு எண்ணோ பெறுதல் முக்கியமானது. மனுவில் கழிவை அகற்றுமாறு மட்டும் கேட்பதும், அகற்றுவதுடன் கொட்டியவரைக் கண்டறிந்து நடவடிக்கை எடுத்து அதன் விவரத்தைத் தெரிவிக்குமாறு கேட்பதும் வேறுவேறானவை. முதல் வகை மனு, லாரி வந்து சென்றதும் முடிவுற்றதாகக் குறிக்கப்படும். இரண்டாம் வகை மனுவை அவ்வாறு எளிதில் முடித்துவிட முடியாது.

மறுமொழி கிடைக்காதபோது

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, குறிப்பிட்ட தெருவில் விதிக்கப்பட்ட அபராதங்களின் எண்ணிக்கை, ஒரு மருத்துவமனை வாரியத்திடம் அளித்த ஆண்டறிக்கையின் படி ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் மறுமொழி தரப்பட வேண்டும். இவ்வாறு பெறப்படும் ஆவணங்களே பின்னர் தீர்ப்பாயத்தில் சான்றாகின்றன.

2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமலும் தனிநபர் மனு செய்யலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 60 நாட்கள் வரை ஏற்கப்படும். இழப்பீடு கோரும் மனுக்களுக்கு ஐந்தாண்டு வரம்பு உண்டு. அதிகாரிகளின் வாக்குறுதிகளை நம்பிக் காத்திருந்து இக்கால வரம்பைத் தவறவிடுவோர் பலர்.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் கூட்டப்படுகின்றன. ஊராட்சிகளில் கிராம சபைத் தீர்மானம் இதற்கு நிகரானது. தனியொருவர் பெயரில் முறையிட அஞ்சும் சூழலில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரிலோ சபைத் தீர்மானமாகவோ முறையிடுவது பாதுகாப்பானது.

தடுப்பு முறைகள்

கழிவு சேரும் இடத்தைத் தூய்மை செய்து கோலமிடல், செடி நடல், சுவரில் ஓவியம் தீட்டல் ஆகியவை தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் கையாளப்படுகின்றன. வீட்டுப் பைகளை வீசுவோரிடம் இவை ஓரளவு பயன் தருகின்றன. ஆயினும் பையை வீசியவருக்கு மாற்று வழி ஏற்படுத்தித் தராவிட்டால் குப்பை அடுத்த தெருமுனைக்கு நகர்ந்துவிடும். காலையில் வீட்டில் இல்லாதோர்க்கு மாலை நேரச் சேகரிப்பு, சிறு அளவு இடிபாட்டை ஒப்படைக்க மண்டலந்தோறும் ஓர் இடம் ஆகிய இரண்டும் அபராதப் பலகைகளைவிடப் பயனளிப்பவை எனலாம்.

கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்ட இடங்களில் வாகனப் பதிவெண்ணைக் கொண்டு அபராதம் விதிக்க முடிகிறது. இரவு வெளிச்சமும் கேமராவின் கோணமும் சரியாக அமையாவிடில் பதிவெண் தெரியாது. டிப்பர் லாரிகள் நுழையும் குளக்கரைப் பாதைகளில் கல்தூண் நட்டு வழியைக் குறுக்குவது மிகக் குறைந்த செலவில் ஆகும் தடுப்பாகும்.

பெருமளவு கழிவைத் தடுக்க ஏற்றிய இடமும் இறக்கிய இடமும் பதிவாக வேண்டும். இடிப்புக்கு அனுமதி வழங்கும்போதே இடிபாடு எங்கே செல்லும் என்பதைக் கேட்டு, அங்கு ஒப்படைத்த சீட்டைக் காட்டிய பின்னரே கட்டிட நிறைவுச் சான்று தருவது இதற்கு ஒரு வழியாகும்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் ஓராண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கழிவு கொட்டல் நிகழ்வுகளை உள்ளாட்சிகள் பதிவு செய்கின்றன. அங்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாதவரிடம் கழிவை ஒப்படைத்த வீட்டுக்காரரும் தண்டனைக்கு உரியவராவார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் குற்றக் கும்பல்கள் பல்லாண்டுகள் தொழிற்கழிவைப் புதைத்தும் எரித்தும் வந்தன. இதில் மக்களின் உயிரைக் காக்க இத்தாலிய அரசு தவறியதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இலங்கையில் மறுசுழற்சிக்கெனக் கூறி இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட 200க்கும் மேற்பட்ட கழிவுக் கொள்கலன்கள் நீதிமன்ற நடவடிக்கைக்குப்பின் 2020 முதல் 2022 வரையான காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டன.

வெள்ளலூர் தொடர்பான விமர்சனம்

தெருக்களில் குப்பை வீசுவோரைத் தண்டிக்கும் நிர்வாகம், தான் சேகரித்த குப்பையைப் பிரிக்காமல் வெள்ளலூரில் குவித்து வந்தது என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் குற்றச்சாட்டாகும். நாற்றம், ஈக்கள், நிலத்தடி நீரின் நிறமாற்றம், கோடைகாலத் தீ ஆகியவற்றை முன்வைத்து அவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். 2024 ஏப்ரலில் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்து, சுற்றுவட்டாரம் புகையால் சூழப்பட்டது. பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணி கட்டங்களாக மேற்கொள்ளப்பட்டது. வார்டுகளிலேயே மக்கும் குப்பையை உரமாக்க நுண் உர மையங்கள் அமைக்கப்பட்டன. இவற்றுள் சிலவற்றுக்கு, நாற்றம் வரும் என்று கூறி அருகில் குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தம் தெருக் குப்பையைத் தம் வார்டில் வைத்துக்கொள்ள மறுக்கும் குடியிருப்புகளின் குப்பை தம் ஊருக்கே வந்து சேர்வதை வெள்ளலூர் மக்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.